‘தி விட்னஸ்’ கொரியப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படம் இது?

2018 ஆகஸ்ட் 15 அன்று தென்கொரியாவில் வெளியான ‘தி விட்னஸ்’. கொரிய மொழியில் வைத்த தலைப்புக்கும் அதே பொருள்தான்: நேரில் கண்டவர். இயக்கியவர் ஜோ க்யூ-ஜாங். இதற்கு முன் 2016இல் அவர் எடுத்தது ஒரு காதல் படம். அந்தக் கையிலிருந்து இப்படி ஒரு படம் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 111 நிமிடம் ஓடுகிறது. கொரியாவில் 25 லட்சம் பேருக்கு மேல் தியேட்டருக்கு வந்து பார்த்தார்கள்.

படத்தின் முடிவைச் சொல்லும் கேள்வி ஒன்று இந்தப் பக்கத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் வரும் ஒரு திருப்பத்தை மட்டும் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. அது இடையிலேயே வரும்.

கதை என்ன?

சாங்-ஹூன் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நடுத்தர வயதுக்காரர். மனைவி சூ-ஜின், ஒரு சின்ன மகள். கடன் வாங்கி, மலையடிவாரத்தில் இருக்கும் பெரிய அடுக்குமாடி வளாகம் ஒன்றில் சமீபத்தில்தான் வீடு வாங்கியிருக்கிறார். ஒருநாள் நள்ளிரவு தாண்டி, குடித்துவிட்டு வீடு திரும்பியவருக்குக் கீழேயிருந்து ஓர் அலறல் கேட்கிறது. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்க்கிறார். ஒருவன் ஒரு பெண்ணைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கிறான். போலீசைக் கூப்பிட சாங்-ஹூன் போனை எடுக்கும் நேரம் பார்த்து, தூக்கம் கலைந்த மனைவி எழுந்து வந்து விளக்கைப் போடுகிறாள். கொலைகாரன் நிமிர்ந்து பார்க்கிறான்.

விளக்கு உடனே அணைகிறது. ஆனால் அவன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டான். மறுநாள் போலீஸ் வீடு வீடாக வந்து விசாரிக்கிறது. சாங்-ஹூன் எதையும் பார்க்கவில்லை என்கிறார். மீதிப் படம் முழுக்க இந்த ஒரு பொய்யின் மேல்தான் நிற்கிறது.

எல்லாரும் சொல்லும் அந்த ‘விரல் காட்சி’ என்ன?

கீழே நிற்கும் கொலைகாரன் ஆள்காட்டி விரலை உயர்த்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடிகளை எண்ணுகிறான். வசனம் ஏதும் கிடையாது.

கொரிய அடுக்குமாடி வளாகங்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இந்தக் காட்சி இன்னும் கூடுதலாக உறைக்கும். அங்கே ஒரே அச்சில் வார்த்த மாதிரி பத்துப் பதினைந்து கட்டிடங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டிடத்தின் பக்கச் சுவரிலும் அதன் எண்ணைத் தூரத்திலிருந்தே தெரியும்படி பெரிதாக எழுதியிருப்பார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கண்ணாடி அடைத்த பால்கனி. பெயர்ப்பலகை தேட வேண்டாம், காவலாளியிடம் கேட்க வேண்டாம். கட்டிட எண், மாடி, எத்தனையாவது ஜன்னல் என்ற மூன்றும் தெரிந்தால் முகவரி கையில். இருட்டில் எரிந்த ஒரே விளக்கு அந்த மூன்றையும் அவனுக்குக் கொடுத்துவிட்டது.

எண்ணி முடித்ததும் அவன் அவசரப்படுவதில்லை. ‘உன்னைக் கொல்வேன்’ என்று கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயம் வராது. பல சரக்குக் கடையில் சாமான் எண்ணுகிறவன் மாதிரி எண்ணுகிறானே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. படம் முடிந்த இரவு நான் என் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலருகே நின்று எதிர்க் கட்டிடத்தைப் பார்த்தேன். மூன்று வீட்டில் விளக்கு எரிந்தது. எந்த மாடி, எந்த வீடு என்று சொல்ல எனக்கு ஐந்து வினாடிகூட ஆகவில்லை.

அவர் ஏன் போலீசிடம் சொல்லவில்லை? கோழையா?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான், பெரும்பாலும் கோபத்தோடு. நானும் முதல் தடவை பார்த்தபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவர் நிலையில் என்னை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

போலீசிடம் சொன்னால் என்ன நடக்கும்? அவர்கள் குறித்துக்கொண்டு போவார்கள். கொலைகாரன் யாரென்று தெரியாது. எப்போது பிடிபடுவான் என்றும் தெரியாது. அதுவரை மகள் பள்ளிக்குப் போக வேண்டும், மனைவி கடைக்குப் போக வேண்டும், இவர் இரவில் லிஃப்டில் தனியாக ஏற வேண்டும். அவனோ எங்கும் ஓடி ஒளியவில்லை. பட்டப்பகலில் அதே வளாகத்தில் நடமாடுகிறான். சொல்லாமல் இருந்தால், ‘இவன் வாயைத் திறக்க மாட்டான்’ என்று அவன் விட்டுவிடலாம். இந்த ‘விட்டுவிடலாம்’ என்ற ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டுதான் சாங்-ஹூன் ஒவ்வொரு நாளையும் ஓட்டுகிறார். ஒருநாள் ஓட்டியாயிற்று என்றால் மறுநாள் போய்ச் சொல்வது இன்னும் கடினம். ‘நேற்று ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது அல்லவா.

இந்தப் பயம் சினிமாக்காரர்கள் இட்டுக்கட்டியதும் இல்லை. 2022 மே மாதம் புசான் நகரில் முன்பின் தெரியாத ஒருவன் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து போய்க் கொடூரமாகத் தாக்கினான். சிறையில் இருந்துகொண்டே அவளுடைய முகவரியை அவன் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் என்ற செய்தி வெளியானபோது கொரியாவே கொதித்தது. அவனுக்கு விதித்த 20 ஆண்டு சிறைத் தண்டனையை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ‘வெளியே வந்தால் என்னைத் தேடி வருவான்’ என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டவர்கள் யாரும் சாங்-ஹூனைப் பார்த்துச் சுலபமாகச் சிரித்துவிட முடியாது.

போலீஸ் மேல் நம்பிக்கைக் குறைவு என்பதற்கும் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2012 ஏப்ரல் 1 இரவு, சுவோன் நகரில் கடத்தப்பட்ட ஒரு பெண் போலீஸ் அவசர எண்ணான 112ஐ அழைத்தார். ஏழு நிமிடத்துக்கும் மேல் அந்த இணைப்பு துண்டிக்கப்படாமல் இருந்தது. அப்படியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. போலீசின் குளறுபடிகள் ஒவ்வொன்றாக வெளிவந்து, தேசியக் காவல்துறைத் தலைவர் பதவி விலகுவதாக அறிவிக்கும் அளவுக்குப் போனது. அழைத்தால் வருவார்கள் என்ற நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், போனை எடுக்கும் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் அவரை விட்டுவிடப் போவதில்லை. அவர் எந்த இடத்தில் தவறு செய்கிறார் என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் கருத்து வேறுபாடு. அதைக் கீழே சொல்கிறேன்.

குடியிருப்புவாசிகள் கையெழுத்து வாங்கும் காட்சி வருகிறதே, அப்படியெல்லாம் நடக்குமா?

படத்தில் கொலைகாரனைவிட எனக்கு அதிகம் பயம் தந்தது அந்தத் தாள்தான். வாசலிலேயே ஒரு பெண் கொல்லப்பட்டிருக்கிறாள். குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாகப் போய், போலீசுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் யாரும் ஒத்துழைக்க வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்று: செய்தி பரவினால் வீட்டு விலை விழுந்துவிடும்.

கொரியாவில் வீடு என்றாலே பெரும்பாலும் அடுக்குமாடிதான். நாட்டில் இருக்கும் வீடுகளில் பாதிக்கும் மேல் அந்த வகை. நடுத்தரக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும், தலைமேல் இருக்கும் கடனும், ஓய்வுக்காலத்துக்கான காப்பும் அந்த ஒரே வீட்டுக்குள் அடைபட்டிருக்கும். வளாகத்துப் பெண்கள் சங்கங்கள் ஒன்றுகூடி, ‘இந்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது’ என்று தமக்குள் பேசிவைத்துக்கொள்வது அங்கே பல காலமாகப் பத்திரிகைகளில் அடிபடும் விஷயம். படம் வெளியான அந்தக் கோடையில் தலைநகர் சியோலில் வீட்டு விலை எகிறிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 13 அன்று, விலையைக் கட்டுப்படுத்த அரசு கடுமையான நடவடிக்கைகளை அறிவித்தது. ஆகவே தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கையெழுத்துத் தாள் மிகைப்படுத்தலாகத் தெரிந்திருக்காது. தங்கள் லிஃப்டில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கை மாதிரிதான் இருந்திருக்கும்.

இங்கே இயக்குநர் சாமர்த்தியமாக ஒன்று செய்திருக்கிறார். கையெழுத்துப் போடும் யாரையும் அரக்கராகக் காட்டவில்லை. கதவைத் திறக்கிறார்கள், கேட்கிறார்கள், பேனாவை வாங்குகிறார்கள், போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருக்கிறாரா என்று மேலே ஒருதரம் கண்ணை ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று நாம் சொல்கிறோமே, அதைக் கொரியர்கள் ‘நான் மாட்டாம இருந்தா போதும்’ என்ற பொருளில் சொல்வார்கள். தனித்தனியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முணுமுணுக்கப்படும் அந்தப் பேச்சு, ஒரு தாளில் வரிசை எண்ணோடு ஏறியதும் வளாகத்தின் சட்டம் ஆகிவிடுகிறது.

இது உண்மைச் சம்பவமா?

இந்தக் கதை கற்பனை. ஆனால் ஜன்னல்களுக்குப் பின்னால் நின்று பார்த்த மனிதர்கள் என்றால் உலகம் முழுக்க எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 1964இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் கொலை. படத்தின் எலும்புக்கூடும் அதை நினைவுபடுத்துகிறது: நள்ளிரவு, குடியிருப்புகள் சூழ்ந்த இடம், அலறல், ஜன்னல்கள்.

1964 மார்ச் 13 அதிகாலை, குயின்ஸ் பகுதியில் வேலை முடிந்து வீடு திரும்பிய 28 வயதுப் பெண் ஜெனோவீஸ் கத்தியால் குத்தப்பட்டார். இரண்டு வாரம் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது: 38 பேர் அரை மணி நேரத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூடப் போலீசைக் கூப்பிடவில்லை என்று. அந்த எண் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

ஆனால் அந்தச் செய்தியில் பெரும் பிழைகள் இருந்தன. பின்னர் வழக்கு ஆவணங்களைத் தோண்டியவர்கள் கண்டது வேறு. 38 பேரில் பெரும்பாலானவர்கள் எதையும் கண்ணால் பார்க்கவே இல்லை. குளிர்காலத்து மூடிய ஜன்னல் வழியாக ஏதோ சத்தம் கேட்டவர்கள். ஒருவர் ஜன்னலைத் திறந்து ‘அந்தப் பெண்ணை விடு’ என்று கத்தினார், கொலைகாரன் ஓடினான். அவன் திரும்பி வந்து இரண்டாவது முறை தாக்கியது கட்டிடத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே. தெருவைப் பார்த்த ஜன்னல்களிலிருந்து அந்த இடம் தெரியாது. சோஃபியா ஃபாரர் என்ற பக்கத்து வீட்டுப் பெண், கொலைகாரன் இன்னும் அங்கேயே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் கீழே ஓடிப்போய், ஆம்புலன்ஸ் வரும்வரை ஜெனோவீஸைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். அன்றைய செய்தியில் அவருக்கு இடமில்லை. 2016இல் கொலைகாரன் சிறையில் இறந்தபோது, தன் பழைய செய்தி பிழையானது என்று அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது.

எல்லாரையும் விடுவித்துவிடவும் முடியாது. மாடிப்படியின் மேலே கதவைத் திறந்து, நடப்பதைப் பார்த்து, மீண்டும் சாத்திக்கொண்ட ஒருவர் இருந்தார். இதில் தலையிட விரும்பவில்லை என்று பிறகு சொன்னார். அவர் உடனே போலீசைக் கூப்பிடவில்லை. என்ன செய்யலாம் என்று நண்பருக்குப் போன் போட்டார். எனக்கு சாங்-ஹூனைப் பார்க்கும்போது நினைவுக்கு வருவது அந்த 38 என்ற எண் அல்ல, இந்த ஒரு கதவுதான்.

ஒரு தகவல்: ஜெனோவீஸின் தம்பி, தன் அக்காவுக்கு நடந்ததைத் தேடிப் போகும் ஆவணப்படம் ஒன்று 2015இல் வந்தது. அதன் தலைப்பும் ‘தி விட்னஸ்’. தேடும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘வேடிக்கை பார்ப்பவர் விளைவு’ என்கிறார்களே, படம் அதைத்தான் காட்டுகிறதா?

இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் உதவத் தயங்குவார்கள் என்பதுதான் அந்தக் கோட்பாடு. படம் அதைக் காட்டுகிறதா என்றால், பாதி ஆம். மீதிப் பாதியில் படம் அந்தக் கோட்பாட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது. எனக்கு இந்தப் படம் பிடித்ததற்குக் காரணமே அந்தப் பாதிதான்.

ஜெனோவீஸ் செய்தியைப் படித்த ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரு உளவியலாளர்கள் 1968இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, இன்டர்காம் வழியாகப் பேசச் சொன்னார்கள். நடுவில் ஒரு குரல் திணறுகிறது. வலிப்பு வந்த மாதிரி உதவி கேட்கிறது. அது ஏற்கெனவே பதிவு செய்து வைத்த குரல். ‘கேட்பது நான் மட்டும்தான்’ என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்து வந்தார்கள். ‘இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள்’ என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். மற்றொரு சோதனையில் அறைக்குள் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். அசையாமல் உட்காரும்படி சொல்லிவைத்த இருவர் கூட இருந்தபோது, பத்தில் ஒருவர்தான் எழுந்தார். ‘அவர்களே சும்மா இருக்கிறார்கள், ஒன்றும் இருக்காது’ என்று அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் ஆபத்தை அளக்கிறோம்.

கையெழுத்துத் தாள் காட்சிக்கு இது அப்படியே பொருந்தும். சாங்-ஹூனுக்குப் பொருந்தாது. அவர் ‘வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்’ என்று நினைத்து வாய்மூடி இருக்கவில்லை. தான் ஒருவன்தான் பார்த்தேன் என்று நம்புகிறார். சோதனைக்கூடத்துக் கணக்குப்படி, தனியாக இருப்பவன்தான் எழுந்து வர வேண்டும். ஆனால் அந்த அறையில் கொலைகாரன் இல்லை. தனியாகப் பார்த்தவன் என்றால் பொறுப்பு முழுக்க அவனுடையது. ஆபத்தும் முழுக்க அவனுடையது. விரல் நீட்டி எண்ணப்பட்ட ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். பத்து ஜன்னலில் விளக்கு எரிந்திருந்தால் அந்த விரல் எதை எண்ணியிருக்கும்?

இப்போது மேலே சொன்ன கருத்து வேறுபாட்டுக்கு வருகிறேன். நடுக்கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே கட்டிடத்தில் வேறொரு மாடியில் இருக்கும் பெண் ஒருத்தியும் அந்த இரவில் நடந்ததைப் பார்த்திருக்கிறாள். அவள் சாங்-ஹூனைத் தேடி வருகிறாள்: நீங்களும் பார்த்தீர்கள், வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லலாம். அந்த நொடியில் ‘நான் தனி ஆள்’ என்ற அவருடைய காரணம் கரைந்துவிட்டது. கொலைகாரனுக்குத் தெரியாத இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டார். அவர் என்ன செய்கிறார்? நான் எதையும் பார்க்கவில்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லுகிறார்.

முதல் நாள் இரவு விளக்கை அணைத்ததை நான் மன்னிப்பேன். போலீசிடம் சொன்ன பொய்யைக்கூடப் புரிந்துகொள்வேன். இந்த ஒன்றை மன்னிக்க முடியவில்லை. அவளுக்குப் பிறகு நேர்வது தெரிந்தால் நீங்களும் இதையே சொல்வீர்கள்.

அப்படியானால் மனிதர்கள் உதவவே மாட்டார்களா?

மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று இடங்களின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தார்கள். பத்துக்கு ஒன்பதில், பக்கத்தில் நின்ற ஒருவராவது ஏதாவது செய்திருந்தார்: இடையில் புகுந்தார், கையைப் பிடித்து இழுத்தார், அடிபட்டவரைத் தேற்றினார். கூட்டம் கூடக்கூட, யாராவது ஒருவர் இறங்குவதற்கான வாய்ப்பும் கூடியது.

தெருவில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியும். ‘நீ அவனைப் பிடி’ என்று கண்ணாலேயே சொல்லிக்கொள்ள முடியும். இரவு இரண்டு மணிக்கு இருட்டு பால்கனியில் நிற்பவனுக்கு மேல்மாடியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அத்தனை பேர் அடுக்கி வைத்த மாதிரி ஒரே சுவருக்குள் வாழ்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனி.

பார்த்தும் சொல்லாமல் இருப்பது கொரியாவில் குற்றமா?

பொதுவாகக் குற்றம் இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில், தனக்கு ஆபத்து இல்லாத நிலையிலும் உயிருக்குப் போராடுபவருக்கு உதவாமல் போனால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. கொரியக் குற்றவியல் சட்டத்தில் அப்படிப் பொதுக் கடமை எதுவும் எழுதப்படவில்லை. அந்தச் சட்டங்கள் வந்தாலும் சாங்-ஹூன் தப்பிவிடுவார் என்றுதான் தோன்றுகிறது. ‘எனக்கு ஆபத்து இருந்தது’ என்று அவர் சொன்னால் யார் மறுக்க முடியும்?

சாட்சிக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் அங்கே உண்டு. குறிப்பிட்ட சில கடும் குற்றங்களைப் பற்றித் தகவல் கொடுப்பவர்களைக் காக்க 1999இல் ஒன்று இயற்றினார்கள். அதன்படி வாக்குமூலத்தில் பெயர், முகவரி இல்லாமலே பதிவு செய்யலாம். புகார் சொன்னதற்காகவோ சாட்சி சொன்னதற்காகவோ பழிவாங்கக் கொலை செய்தால், குறைந்தது 10 ஆண்டு சிறையிலிருந்து மரண தண்டனை வரை விதிக்கலாம். ஆனால் போலீசுக்கு முன்பே கொலைகாரனுக்கு உங்கள் வீடு தெரிந்துவிட்டால், பெயரை மறைத்து என்ன பயன்? படத்தின் முடிச்சு சரியாக அந்த ஓட்டையில்தான் விழுந்திருக்கிறது.

நயன்தாரா நடித்த ‘நெற்றிக்கண்’ இதன் ரீமேக்கா?

இல்லை. அது 2011இல் வந்த ‘பிளைண்ட்’ என்ற வேறொரு கொரியப் படத்தின் ரீமேக். அங்கே சாட்சிக்குக் கண் தெரியாது, ஆனால் சொல்லத் துடிக்கிறாள். இங்கே சாட்சிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நல்ல விவாதம் கிளம்பும்.

நடிகர்களை வேறு எதில் பார்த்திருக்கிறோம்?

சாங்-ஹூனாக வரும் லீ சங்-மின்னை ‘ரீபார்ன் ரிச்’ தொடரில் கிழட்டுப் பணமுதலையாகப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தப் படம் வந்த அதே ஆகஸ்டில் அவர் நடித்த உளவுப் படம் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வடகொரிய உயரதிகாரி வேடத்துக்காக அடுத்த ஆண்டு கொரியாவின் பெக்சாங் கலை விருதுகளில் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார். அங்கே இரும்பு மாதிரி நின்றவர், இங்கே மனைவி கேட்கும் சாதாரணக் கேள்விக்கே தடுமாறுகிறார். வாய் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் தொண்டை எச்சில் விழுங்குவதைக் கவனியுங்கள்.

துப்பறியும் அதிகாரி ஜே-யோப்பாக வரும் கிம் சாங்-ஹோ, ‘கிங்டம்’ தொடரில் இளவரசரின் மெய்க்காவலர். மனைவி சூ-ஜின்னாக ஜின் க்யூங். ‘டாக்டர் ரொமான்டிக்’ தொடரின் தலைமைச் செவிலி. கொலைகாரன் தே-ஹோவாக க்வாக் ஷி-யாங். அவருக்கு வசனம் மிகக் குறைவு. ஏன் கொல்கிறான், சின்ன வயதில் என்ன நடந்தது என்றெல்லாம் படம் கதை சொல்லவில்லை. அதுவே நல்லது.

ரத்தம் அதிகமா? குழந்தைகளோடு பார்க்கலாமா?

முதல் கொலையும் அதன் பிறகு வருபவையும் கடுமையானவை. கொரியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான படம். ரத்தத்தைவிட, வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றம்தான் பல இடங்களில் தாங்க முடியாததாக இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

படத்தில் குறைகளே இல்லையா?

இருக்கின்றன. போலீஸ் பல இடங்களில் கதைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அறிவோடு நடந்துகொள்கிறது. ஜே-யோப் தவிர மற்ற அதிகாரிகள் எல்லாரும் மந்தமானவர்கள் என்று வைத்தால்தான் சாங்-ஹூனின் பயத்துக்கு நியாயம் கிடைக்கும் என்று இயக்குநர் நினைத்துவிட்டார். அந்த உதவி தேவையே இல்லை. நல்ல போலீஸ் இருந்தும் ஒரு மனிதன் பேசப் பயப்படுகிறான் என்றால், அது இன்னும் கனமான கதை.

கடைசி அரை மணி நேரம் மலையில் துரத்தல், மழை, கைகலப்பு என்று வழக்கமான ஆக்‌ஷன் படமாகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஜன்னலையும் கதவையும் வைத்துக்கொண்டே நம்மைக் கட்டிப்போட்டவருக்குச் சேறும் சுத்தியலும் எதற்கு என்று எனக்கு ஆதங்கம்.

முடிவுக்கு என்ன அர்த்தம்? (முடிவு இங்கே சொல்லப்படுகிறது)

மழையில் மலைச்சரிவு நிகழ்கிறது. கொலைகாரன் முன்பு கொன்று புதைத்தவர்களின் உடல்கள் சேற்றோடு வெளியே வருகின்றன. விலை விழக் கூடாது என்று மூடிவைத்த வளாகத்தின் முதுகுப்பக்கமே ஓர் இடுகாடாக இருந்திருக்கிறது. சரிவு ரொம்ப வசதியாக வந்து சேருகிறது என்று முணுமுணுப்பவர்களோடு நானும் ஒத்துப்போகிறேன். ஆனாலும் அந்தக் காட்சி கண்ணைவிட்டுப் போவதில்லை.

அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான முடிவு. சாங்-ஹூன் குடும்பத்தோடு அந்த வீட்டைக் காலிசெய்து கிளம்புகிறார். போகும் முன் கட்டிடங்களுக்கு நடுவே, அந்தப் பெண் விழுந்த அதே வெளியில் வந்து நின்று, தொண்டை கிழிய ‘காப்பாற்றுங்கள்’ என்று கத்துகிறார். சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஜன்னல்கள். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கூரையளவு உயரத்திலிருந்து கேமரா அவரைப் பார்க்கிறது என்று சொல்லிப் பலர் கடந்துவிடுவார்கள். நான் கேட்க விரும்புவது அந்த அலறல் எதற்கு என்றுதான். மற்றவர்களைப் பழிக்கிறாரா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. அந்த இரவில் மேலே நின்றவர், இப்போது கீழே நின்று பார்க்கிறார். அங்கிருந்து எப்படிக் கேட்டிருக்கும், எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று தன் காதாலேயே அளந்து பார்க்கிறார். நன்றாகவே கேட்கிறது.

இரண்டாவது முறை பார்த்தால் எதைக் கவனிக்கலாம்?

சூ-ஜின்னை. முதல் தடவை நம் கண் முழுக்கக் கணவன் மேலேயே இருக்கும். விளக்கைப் போட்டவள் அவள்தான். தான் போட்ட விளக்கு என்ன செய்தது என்று தெரியாமலேயே அவள் நாட்களைக் கடத்துகிறாள். கணவன் ஏன் கதவைத் திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்க்கிறான், ஏன் மகளை வெளியே விடமாட்டேன் என்கிறான் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. போலீசிடம் சொல்லாதது ஒரு மௌனம் என்றால், பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொல்லாதது இன்னொன்று. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கை எப்போதும்போல ஸ்விட்ச்சுக்குப் போவதையும், அவர் முகம் மாறுவதையும் அடுத்த முறை பாருங்கள்.